எட்டுப் பேர், ஒரு மணி நேரம்: ஆப்பிரிக்க சஃபாரியும் அதன் வரம்புகளும்

உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் ப்விண்டி என்றொரு மலைக்காடு இருக்கிறது. அங்கே மலைக் கொரில்லாக்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு விதிகள் கறாரானவை. ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் கொண்ட ஒரே குழுதான் பார்க்கலாம். கண்டுபிடித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்தான் கணக்கு. பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், முகக்கவசம் அணிய வேண்டும். சளி இருமல் உள்ளவர் மலை ஏறாமலே திரும்ப வேண்டியதுதான், ஏனென்றால் நம்முடைய சளி அவற்றுக்கும் தொற்றும். இதற்கு உகாண்டா வாங்கும் கட்டணம் 800 டாலர். எல்லை தாண்டி ருவாண்டாவுக்குப் போனால் 1,500 டாலர். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். ஆனால் 1980களின் தொடக்கத்தில் விருங்கா மலைத்தொடரில் எஞ்சியிருந்த கொரில்லாக்கள் சுமார் 250. இன்று விருங்கா, ப்விண்டி இரண்டு இடங்களையும் சேர்த்து அவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அவற்றை மிக ஆபத்தான நிலையிலிருந்து ஒரு படி இறக்கி வைத்தது. மருத்துவர்கள், காவலர்கள், ஆய்வாளர்கள் எனப் பலர் உழைத்த பலன் இது. அந்த உழைப்புக்குப் பணம் கொண்டுவந்ததில் இந்தக் கெடுபிடியான பயணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆப்பிரிக்க சஃபாரியின் பலவகை வழிகளை எடைபோட இந்த எட்டுப் பேர் விதியைத் தராசாக வைத்துக்கொள்ளலாம். ஜீப்பா, நடையா, படகா, பலூனா என்று பயண நிறுவனங்கள் கடை விரிக்கின்றன. எந்த வழியில் போனாலும் நமக்குக் கிடைக்கும் காட்சியையும் காட்டுக்குக் கிடைக்கும் ஆயுளையும் முடிவு செய்வது, போகிறவர்மேல் விதிக்கப்படும் வரம்பும் அதை விதிப்பவர் யார் என்பதும்தான்.

சஃபாரி என்ற சுவாஹிலிச் சொல்லுக்குப் பயணம் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. அதன் வேர் அரபு மொழியின் சஃபர். தமிழ்க் கடலோர முஸ்லிம் ஊர்களில் பிழைப்புக்குக் கடல் கடந்து போவதைச் சபர் என்றும் போனவரைச் சபுராளி என்றும் சொல்வதும் அதே வேரிலிருந்துதான். இந்தப் பொதுச்சொல்லில் வேட்டையின் வாடை ஏறியது காலனி ஆட்சியில். 1909இல் அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய தியடோர் ரூஸ்வெல்ட், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக மாதிரி சேகரிக்கக் கிழக்கு ஆப்பிரிக்கா போனார். அவரும் மகன் கெர்மிட்டும் மட்டும் சுட்ட விலங்குகள் 512. சிங்கம், யானை, சிறுத்தை, காட்டெருமை, காண்டாமிருகம் என்ற புகழ்பெற்ற ஐவர் பட்டியலும் அந்தக் காலத்துச் சரக்கே. நடந்து போய் வேட்டையாட மிக ஆபத்தானவை எவை என்று வேட்டைக்காரர்கள் போட்ட கணக்கு அது. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி இருந்த கைக்குக் கேமரா வந்தது. ஆனால் பட்டியல் மாறவில்லை. ஐந்தையும் மூன்று நாளில் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் பார்வையாளருக்கு வேட்டைக்காரர் விட்டுச்சென்ற சொத்து. இன்றைய சஃபாரியின் பல சங்கடங்கள் இந்த அவசரத்திலிருந்தே தொடங்குகின்றன.

அவசரத்துக்கு ஏற்ற வாகனம், கூரை திறந்த ஜீப்பும் வேனும். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் காட்டைப் பார்ப்பது இப்படித்தான், அதற்கு நியாயமும் உண்டு. புல்வெளி விலங்குகளுக்கு வண்டி என்பது பழகிப்போன ஒற்றை உருவம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை அவை தனித்தனி மனிதர்களாக எண்ணுவதில்லை. அதனால்தான் சிங்கம் வண்டியின் நிழலிலேயே வந்து படுக்கிறது. தான்சானியாவின் செரங்கெட்டியிலும் கென்யாவின் மாசாய் மாராவிலும், தாடி வைத்த மாட்டைப் போன்ற வில்டபீஸ்ட் பத்து லட்சத்துக்கும் மேல் மழையைத் துரத்திக்கொண்டு வட்டமிடுகின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் தெற்கே குறும்புல் வெளியில் கன்று ஈன்று, ஜூலை வாக்கில் வடக்கே மாரா ஆற்றங்கரைக்கு வந்து சேரும் இந்த ஓட்டத்தை எட்டிப் பிடிக்க வண்டி வேண்டும், மறுக்க முடியாது. சிக்கல் வண்டியில் இல்லை, வண்டிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஓட்டுநர்கள் வானொலியில் பேசிக்கொள்கிறார்கள். ஒரு சிவிங்கிப்புலி கண்ணில் பட்டால் சிறிது நேரத்தில் அதைச் சுற்றி ஒரு வண்டிப்பேட்டையே உருவாகிவிடுகிறது. ஃபெம்கே ப்ரூக்ஹூயிஸ் என்ற ஆய்வாளர் மாராவின் சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018இல் வெளியிட்ட ஆய்வு இதன் விலையைக் காட்டுகிறது. வண்டிகள் குறைவாகத் திரியும் பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. நெரிசல் மிகுந்த பகுதியில் அது 0.2. பகல் வெளிச்சத்தில் பதுங்கி ஓடிப் பிடிக்கும் விலங்குக்குப் பின்னாலேயே இரைச்சலும் புழுதியும் வந்தால் வேட்டை கெடும், குட்டிகள் பட்டினி கிடக்கும், மற்ற இரைகொல்லிகளின் கண்ணிலும் படும். சிவிங்கிப்புலியை அருகில் பார்க்கும் ஆசையே அடுத்த தலைமுறைச் சிவிங்கிப்புலியை இல்லாமல் ஆக்குகிறது.

அதே நான்கு சக்கரம் வேறு விதிக்குக் கட்டுப்படும்போது கதை மாறுகிறது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா 1926இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ குடும்பத்தோடு நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். தார்ச்சாலையில் வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, மண்சாலையில் 40. சாலையை விட்டு இறங்கக் கூடாது, குறித்த இடம் தவிர வேறெங்கும் கதவைத் திறக்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் முகாமுக்குள் வந்துவிட வேண்டும். சாலை ஓரத்தில் எது வருகிறதோ அதுதான் நமக்கு. நமீபியாவின் எடோஷாவில் இந்தப் பொறுமையை ஒரு கலையாகவே ஆக்கியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 4,800 சதுர கிலோமீட்டர் வெள்ளை உப்புத்தரை பரந்து கிடக்கும் வறண்ட நிலம் அது. ஒகாகுவேஜோ முகாமில் ஒரு நீர்நிலையைச் சுற்றித் தாழ்ந்த சுவர், சில பெஞ்சுகள், மங்கலான ஆரஞ்சு விளக்கு. ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இருட்டிலிருந்து ஒரு கறுப்புக் காண்டாமிருகம் வரும். கரையில் நின்று மூக்கைத் தூக்கி நெடுநேரம் காற்றை முகரும், பிறகுதான் குனியும். அது உறிஞ்சும் ஓசை சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். துரத்துவதற்கு இடமே இல்லாத இந்தச் சஃபாரியில் விலங்கு தன் விருப்பத்தில் வருகிறது, தன் விருப்பத்தில் போகிறது.

வண்டியை விட்டு இறங்கி நடப்பது இன்னொரு உலகம். ஜாம்பியாவின் லுவாங்க்வா பள்ளத்தாக்கில் 1950இல் நார்மன் கார் என்பவர், அங்கிருந்த ந்செஃபு குலத் தலைவரோடு சேர்ந்து பார்வையாளர் முகாம் ஒன்றைத் தொடங்கினார். வருமானம் ஊர் மக்களுக்குச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. பின்னாளில் நடைசஃபாரிக்கு அந்தப் பள்ளத்தாக்கே தாய்வீடு ஆனது. விரல் விட்டு எண்ணக்கூடிய சிறு குழு, முன்னால் துப்பாக்கியோடு அரசுக் காவலர், ஒற்றை வரிசை. வழிகாட்டியின் கையில் சாம்பல் நிரப்பிய சின்னத் துணிப்பை ஒன்று இருக்கும். அவ்வப்போது அதை உதறி, சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். காற்று நம்மிலிருந்து யானைக் கூட்டத்தை நோக்கி அடித்தால் சுற்றுவழி. நடக்கிறவருக்கு ஐவர் பட்டியல் உதவாது. காலடித் தடம், சாணம் காய்ந்திருக்கும் பதம், கறையான் புற்றின் சாய்வு, காட்டெருமை முதுகில் உண்ணி பொறுக்கும் பறவை திடீரென எழுப்பும் எச்சரிக்கை என்று கண்ணும் காதும் வேறு எழுத்தைப் படிக்கத் தொடங்கும். இந்த எழுத்தை உள்ளூர் மக்கள் எவ்வளவு ஆழமாகக் கற்றிருக்கிறார்கள் என்பதற்கு மொசாம்பிக்கின் நியாசா காட்டில் வாழும் யாவோ மக்கள் சாட்சி. அங்கே தேன்காட்டி என்றொரு சிறு பறவை மனிதரைத் தேன்கூட்டுக்கு அழைத்துச் செல்லும். நாக்கை உருட்டி ஒரு முனகலில் முடியும் ஓசை எழுப்பி யாவோ மக்கள் அதைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் குரலைக் கேட்டால் பறவை வழிகாட்டும் வாய்ப்பு சுமார் 33 சதவீதத்திலிருந்து 66 சதவீதமாக உயர்வதை 2016இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. தேன் மனிதருக்கு, மெழுகு பறவைக்கு. வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் இப்படியொரு பேச்சுவார்த்தை நடப்பதே தெரியாது.

நீர்வழியும் இதே பாடத்தைச் சொல்கிறது. அங்கோலாவின் மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து, போட்ஸ்வானாவில் மழையே இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒகவாங்கோ கழிமுகத்தை நிரப்புகிறது. கடலைச் சேராமல் மணலில் மறையும் ஆறு அது. மொகோரோ என்னும் ஒடுங்கிய ஓடத்தின் பின்முனையில் படகோட்டி நின்று நீண்ட கழியால் உந்துவார். முன்பு ஒற்றை மரத்தைக் குடைந்து செய்தார்கள், இப்போது பெரும்பாலும் கண்ணாடியிழை. உட்கார்ந்திருப்பவரின் கண் அல்லியிலையின் மட்டத்தில் இருக்கும். நாணல் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் நகமளவு தவளைதான் அன்றைய பெரிய விலங்கு. ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே ஜாம்பேசி ஆற்றில் துடுப்பு வலிப்பது இதைவிட வேகமான, நீர்யானைகளால் ஆபத்து கூடிய வழி. குதிரைமேல் போகிறவரைக் கண்டு வரிக்குதிரைகள் அவ்வளவாக மிரளுவதில்லை. ஆனால் சிங்கம் துரத்தினால் சேணத்தில் தங்கத் தெரிய வேண்டும் என்பதால் அது பழகியவருக்கே. பலூன் பயணம் விடியலில் புல்வெளியின் பரப்பை ஒரே பார்வையில் விரித்துக்காட்டும். தனி விலங்கோடு நெருக்கம் அதில் கிடைக்காது. சிறு விமானத்தில் முகாமுக்கு முகாம் தாவுவது நேரத்தைக் காசால் வாங்கும் வழி. வழியிலுள்ள ஊர்களும் மக்களும் விமானச் சன்னலுக்குக் கீழே போய்விடுகிறார்கள்.

இந்த வழிகளை அருகருகே வைத்தால் ஒரு பொதுக்கூறு தெரிகிறது. நெஞ்சில் நிற்கும் காட்சிகள் எல்லாம் ஏதோ ஒரு தடையிலிருந்து பிறக்கின்றன. எடோஷாவில் அசையத் தடை, க்ரூகரில் சாலையை விட்டு விலகத் தடை, லுவாங்க்வாவில் குழு பெருகத் தடை, ப்விண்டியில் நேரத்துக்கே தடை. தடை இளகிய இடத்தில் பார்வையாளரின் காட்சியும் கெடுகிறது, விலங்கின் வாழ்வும் கெடுகிறது. ஆகவே எது சிறந்த வழி என்ற கேள்விக்குப் போக்குவரத்தை வைத்துப் பதில் சொல்வது பாதிப் பதில். நன்றாக ஒழுங்கு செய்த ஜீப், ஒழுங்கில்லாத நடையைவிட மேல்.

உடனே ஒரு மறுப்பு வரும். வரம்பு என்பது பணக்காரருக்கான அழகிய சொல்லாகிவிடாதா? குறைந்த பேர், கூடுதல் கட்டணம் என்பதையே போட்ஸ்வானா கொள்கையாக வைத்திருக்கிறது. மாசாய் மாராவில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024 முதல் ஜூலையில் தொடங்கும் அரையாண்டில் நாளொன்றுக்கு 200 டாலர். ஓர் ஆசிரியரோ தாதியோ இதை நினைத்துப் பார்க்க முடியுமா? மறுப்பு சரியானதே. விலையால் ஆளைக் குறைப்பது வரம்பு வைக்கும் முறைகளில் எளிதானது, அதனாலேயே சோம்பேறித்தனமானதும் கூட. ஆனால் அது ஒன்றே முறை என்று கொள்ளத் தேவையில்லை. க்ரூகரும் எடோஷாவும் சமையலறையோடு கூடிய குடில்களையும் கூடாரமடிக்கும் திடலையும் வைத்து நடுத்தரக் குடும்பங்களை வரவேற்கின்றன. உள்நாட்டவருக்குக் கட்டணம் மிகக் குறைவு. வேகம், நேரம், பாதை ஆகிய மூன்றையும் கட்டுப்படுத்தி அவை கூட்டத்தைத் தாங்குகின்றன. அங்கும் சிங்கம் சாலையில் படுத்தால் கார்கள் தேங்கும். ஆனால் அந்தத் தேக்கம் தாரோடு நின்றுவிடும், சிங்கம் எழுந்து பத்தடி புதருக்குள் போனால் பின்தொடர எவராலும் முடியாது. முதல்முறை போகிறவர், கையிருப்பு குறைந்தவர், குழந்தைகளோடு போகிறவர் ஆகியோருக்கு இதுவே நல்ல வழி. விதி கறாராக இருந்தால் விலை கறாராக இருக்க வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: விதியை யார் காப்பது? ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி மாரா காப்பகத்திலும் எழுத்தில் உண்டு. வில்டபீஸ்ட் ஆற்றைக் கடக்கும் பருவத்தில் அது காற்றில் பறக்கிறது. காப்பகத்தை ஒட்டிய மாசாய் நிலங்களிலோ அதே விதி பெரும்பாலும் நிற்கிறது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நிலவுடைமையாளர்களான மாசாய் குடும்பங்கள் தங்கள் துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்துச் சமூகக் காப்பகங்களாக முகாம்களுக்குக் குத்தகைக்கு விடத் தொடங்கின. இன்று அவற்றின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய பழைய காப்பகத்துக்கு நிகரானது. அங்கே தங்குகிறவர் மட்டுமே உள்ளே வரலாம், கூடாரங்களின் எண்ணிக்கை நிலத்தின் அளவுக்குக் கட்டுப்பட்டது. காப்பகத்தில் அனுமதிக்கப்படாத இரவுப் பயணமும் நடையும் அங்கே சாத்தியம். வேலி போடாமல் இருப்பதற்காக மாதாமாதம் குத்தகைப் பணம் வீட்டுக்கு வருகிறது, குறித்த முறையில் மாடும் மேய்கிறது. இது ஏன் முக்கியம் என்றால், கென்யாவின் வனவிலங்குகளில் பெரும்பகுதி பூங்காக்களுக்கு வெளியேதான் வாழ்கிறது. 1977 முதல் 2016 வரை அந்நாட்டு மேய்ச்சல் நிலங்களில் வனவிலங்கு சராசரியாக 68 சதவீதம் குறைந்துவிட்டதாக வான்வழிக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். வேட்டை தடை செய்யப்பட்ட ஆண்டிலிருந்தே இந்தச் சரிவு! துப்பாக்கியைவிட வேலியும் உழவும் கால்நடைப் பெருக்கமும் வலியவை என்பது இதன் பொருள். நமீபியா 1996இல் சட்டத்தைத் திருத்தி, ஊர்ச் சமூகங்களுக்கு வனவிலங்கின் மீதும் சுற்றுலா வருவாயின் மீதும் உரிமை கொடுத்தது. 1998இல் நான்காகத் தொடங்கிய அச்சமூகக் காப்பகங்கள் இன்று எண்பதுக்கும் மேல், நாட்டின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

ஆனால் வரம்பு என்ற சொல்லுக்கு ஆப்பிரிக்காவில் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. ப்விண்டி 1991இல் தேசியப் பூங்கா ஆனபோது, தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். எட்டுப் பேர் உள்ளே போவதற்காக ஒரு சமூகமே வெளியே போனது. செரங்கெட்டியிலிருந்து 1950களின் இறுதியில் மாசாய் மக்கள் ங்கோரோங்கோரோவுக்கு மாற்றப்பட்டார்கள். இப்போது அங்கிருந்தும் போகச் சொல்லி நெருக்கடி. 2022 ஜூனில் அருகிலுள்ள லொலியொண்டோவில் எல்லைக்கல் நட வந்த காவலர்களுக்கும் மாசாய் மக்களுக்கும் மோதல் நடந்தது. சஃபாரியே காலனித்தனத்தின் எச்சம், அதைச் சீர்திருத்தப் பார்ப்பது வீண் என்று வாதிடுவோர் இவற்றைத்தான் காட்டுகிறார்கள். இந்தச் சான்றுகளை மறுக்க முடியாது. அவை நிரூபிப்பது என்ன? வரம்பு விருந்தாளியின் மேல் விழாமல் வீட்டுக்காரரின் மேல் விழுந்தால் அது பாதுகாப்பு ஆகாது, பறிப்பு ஆகும். இதற்கு எதிர்ச்சான்றும் இதே கண்டத்தில் இருக்கிறது. ஒகவாங்கோவின் நடுவிலுள்ள மொரேமி காப்பகத்தை 1963இல் ஏற்படுத்தியவர்கள் பட்டவானா மக்கள். வேட்டை கட்டுமீறியதைக் கண்டு தங்கள் குல நிலத்தில் தாங்களே போட்டுக்கொண்ட வேலி அது. ருவாண்டா கொரில்லாக் கட்டணத்தை 2017இல் இரட்டிப்பாக்கியபோது பூங்காவை ஒட்டிய ஊர்களுக்கான பங்கையும் 5 சதவீதத்திலிருந்து 10 ஆக உயர்த்தியது. போதுமான பங்கு என்று சொல்ல முடியாவிட்டாலும் திசை சரியானது.

கடைசியாக இரண்டு மறுப்புகள். ஒன்று, விமானத்தில் பாதி உலகைச் சுற்றி வந்து இயற்கையைக் காப்பாற்றுவதாகச் சொல்வது முரண் இல்லையா? முரண்தான். விமானப் புகையை எந்தச் சமூகக் காப்பகமும் விழுங்கிவிடாது. அதற்குக் கொஞ்சமேனும் நியாயம் செய்ய வேண்டுமானால் அடிக்கடி போவதை விட்டு ஒருமுறை போய் நீண்ட நாள் தங்கலாம். நான்கு நாட்டைத் தொட்டுவருவதற்குப் பதில் ஒரே பள்ளத்தாக்கில் பத்து நாள் இருந்தால் புகையும் குறையும், காட்சியும் ஆழமாகும். மற்றது, பார்வையாளரை நம்பிய காப்பகம் பார்வையாளர் வராவிட்டால் என்ன ஆகும்? 2020இல் கொரோனா அதைக் காட்டியது. முகாம்கள் மூடின, குத்தகைப் பணம் தடுமாறியது, காவலர் சம்பளத்துக்கு நன்கொடை தேட வேண்டியிருந்தது. கேமரா வராத காய்ந்த புதர்க்காட்டுக்குக் கட்டண வேட்டைதான் வருமானம் என்று வாதிடுவோரின் குரலும் இங்கேதான் வலுப்பெறுகிறது. 2014இல் வேட்டையை நிறுத்திய போட்ஸ்வானா 2019இல் மீண்டும் அனுமதித்தது. நமீபியச் சமூகக் காப்பகங்கள் சிலவற்றின் வரவில் வேட்டைக்குப் பங்குண்டு. பிடிக்கிறதோ இல்லையோ, இந்த உண்மையைச் சொல்லாமல் கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. சஃபாரி மட்டுமே ஒரு காட்டைத் தூக்கி நிறுத்திவிடாது. மேய்ச்சல், நன்கொடை, அரசின் வரிப்பணம் என வேறு தூண்களும் வேண்டும். அந்தத் தூண்களில் ஒன்றாக நிற்கும் தகுதி ஒழுங்கான சஃபாரிக்கு உண்டு என்பதே இங்கு வைக்கும் வாதம்.

ஆகவே போக நினைப்பவர் பயண நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது சிங்கம் நிச்சயமா என்பதை அல்ல. ஒரு விலங்கைச் சுற்றி எத்தனை வண்டி நிற்கும், நிலம் யாருடையது, குத்தகை யாருக்குப் போகிறது, வழிகாட்டி எந்த ஊர்க்காரர், விதியை மீறும் ஓட்டுநரை என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். பதில் தெளிவாக வந்தால் ஜீப்போ ஓடமோ எதில் வேண்டுமானாலும் ஏறலாம். மழுப்பினால் பலூனில் பறந்தும் பயனில்லை. ப்விண்டியில் ஒரு மணி நேரம் முடிந்ததும் வழிகாட்டி கையைக் காட்டுவார், எட்டுப் பேரும் சரிவில் இறங்கத் தொடங்குவார்கள். மறுநாள் காலை வரை அந்தக் குடும்பத்தை வேறு பார்வையாளர் யாரும் நெருங்க முடியாது. 800 டாலரில் நாம் வாங்குவது அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். மீதி இருபத்து மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.